பேராயருக்கு ஐந்து தோட்டா

ஜூலை பிறந்தால் வெர்லின் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்க ஆரம்பித்துவிடுவான். மான் வேட்டை திறப்பது நவம்பர் கடைசியில். நடுவில் நாலு மாதம் கிடக்கிறதே என்று யாராவது ஆறுதல் சொன்னால், "நாலே மாசமா!" என்று அலறுவான்.

அவனுக்கு வேலை சீஸ் ஆலையில். பாறை மாதிரி அடுக்கி வைத்திருக்கும் செடார் கட்டிகளில் நீளமான குழல் ஊசியைச் செருகி, ஒரு துண்டை உருவி, மூக்கடியில் கொண்டுபோய், இது தேறும், இது தேறாது என்று சொல்ல வேண்டும். விஸ்கான்சின் மாநிலம் அந்த மூக்குக்கு உரிமம் கொடுத்திருந்தது. அதை வைத்துக்கொண்டு அவன் சீஸை மட்டும் மோந்துகொண்டிருந்தால் குடும்பம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன், மனைவி மார்லாவின் அப்பா விட்டுப்போன காட்டில், இடிந்த பண்ணை வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் ஆப்பிள் மரத்தடியில் அவன் ஒரு கேமராவைக் கட்டிவைத்தான். எதிரே எது அசைந்தாலும் படம் எடுத்து போனுக்கு அனுப்பும் வகை. இரண்டாம் நாளே ஒரு கலைமான் மாட்டியது. பத்துக் கிளைக் கொம்பு. படத்தில் அது கேமராவை நேருக்கு நேராகப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவே உள்ளே நுழைகிறவனை மேடையிலிருந்து பார்ப்பார்களே, அந்தப் பார்வை. வெர்லின் அதற்குப் பேராயர் என்று பெயர் வைத்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வேட்டைக் காலம் வந்து போனது. இரண்டிலும் பேராயர் திறப்பு நாளன்று வரவில்லை. காலம் முடிந்த மறுநாள் சாவகாசமாக வந்து ஆப்பிள் தின்றுவிட்டுப் போனது. பத்தொன்பது வருடமாக வேட்டைக்குப் போகிறவன், காட்டில் இருந்த வேட்டைக் குடிலின் வாசல் கம்பத்தில் இதுவரை தொங்கவிட்டதெல்லாம் வளர்ந்த நாய் அளவிலான மான்கள். இந்த வருடம் அந்தக் கம்பத்தில் பேராயர் தொங்க வேண்டும். தொங்காவிட்டால் என்ன ஆகும் என்று அவன் யோசித்துப் பார்த்ததில்லை. யோசிக்கப் போனால் நெஞ்சை அடைத்தது.

மான் மோப்பம் பிடித்துவிடும் என்று இந்த வருடமும் வீட்டில் ஆகஸ்டிலிருந்து வெங்காயம் கிடையாது. செப்டம்பரில் பன்றிக்கறி பேக்கன் வறுப்பது நின்றது. அக்டோபரில் வெர்லினே வீட்டில் இல்லை. துணிக்கு வீட்டு வாசனை ஏறிவிடும் என்று கார் கொட்டகையில் கட்டில் போட்டுக்கொண்டான். வாசனையில்லாத சோப்பில் துவைத்த வேட்டை உடுப்பு, காற்றுப் புகாத பெட்டியில், பைன் ஊசிகளுக்கு நடுவே ராஜ உடை மாதிரி உறங்கியது. சாயங்காலமானால் கூரை மேல் ஏறி நின்று, ஒரு குப்பியிலிருந்து வெள்ளைப் பொடியைப் பிதுக்கி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பான். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதல் வருடம் கேட்டார்கள். அப்புறம் கையசைப்பதோடு சரி.

"ஒரே ஒரு மெழுகுவத்தி ஏத்திக்கிறேனே, வெர்லின்," என்றாள் மார்லா ஒருநாள். "ஆப்பிள் வாசனை. அந்த மானே ஆப்பிள்தானே தின்னுது?"

"அது நெஜ ஆப்பிள். இது ஃபேக்டரி ஆப்பிள். அதுக்கு வித்தியாசம் தெரியும்."

"அதுக்கு எல்லாம் தெரியும். உனக்கு என் பொறந்த நாள் தெரியுமா?"

"ஏன் தெரியாது? அக்டோபர் பதினொண்ணு. அன்னிக்கு வடமேற்குக் காத்து."

மார்லா மெழுகுவத்தியைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினாள். பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் அவள் எங்கோ போய்வருவது வழக்கமாகியிருந்தது. எங்கே என்று சொல்லித்தான் இருந்தாள். என்ன சொன்னாள் என்பது அவனுக்கு நினைவில்லை. அப்போது அவன் நிலா எத்தனை மணிக்கு உதிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ரத்த அழுத்தம் பார்க்க டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனதும் அவள்தான். டாக்டர் அம்மாளும் வேட்டைக்காரி. கருவியில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "வேட்டைக்கு எதுக்குப் போறீங்க?" என்று கேட்டார்.

"மனசு லேசாகிறதுக்கு," என்றான் வெர்லின்.

டாக்டர் அவன் முகத்தையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தார். படபடப்பைக் கொண்டுவருவது எதுவோ அதை விட்டுவிடச் சொன்னார். வெர்லின் காபியை விட்டான்.

பேராயரை மார்லா பேராயர் என்று சொல்ல மாட்டாள். போன் 'டிங்' என்று கூப்பிட்டு, சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு அவன் எழுந்து ஓடினால், "போ போ, என் சக்களத்தி கூப்பிடுறா," என்பாள்.

"அது ஆம்பள மான்."

"சக்களத்தியில ஆம்பள என்ன, பொம்பள என்ன?"

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். அவன் மனதை உண்மையிலேயே அரித்தது வேறு. மார்லாவின் அண்ணன் டெல்மரிடம் அவன் பேராயரைப் பற்றி மூச்சு விடவில்லை. இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளிகள். டெல்மரோடு வேட்டைக்குப் போகும் உரிமை வேண்டும் என்றுதான் வெர்லின் தன்னைக் கட்டிக்கொண்டான் என்று மார்லா கல்யாண விருந்திலேயே மைக்கைப் பிடித்துச் சொன்னாள், யாரும் மறுக்கவில்லை. அப்படிப்பட்ட டெல்மருக்கு மூன்று வருடமாக அவன் நோஞ்சான் மான்களின் படங்களாகப் பொறுக்கி அனுப்பி, "இந்த வருஷமும் ஒண்ணும் சரியில்ல மச்சான்," என்று எழுதிக்கொண்டிருந்தான். டெல்மரும் பதிலுக்கு அதைவிட நோஞ்சானை அனுப்பி, "எனக்கும் அதே கதைதான் மாப்ளே," என்று எழுதுவான்.

திறப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் இருவரும் குடிலில் இருந்தார்கள். அடுப்பில் சாசேஜ் பீரில் கொதித்தது. வெர்லினுக்கு மட்டும் அவித்த உருளைக்கிழங்கு, உப்பில்லாமல். பிராந்திக் கோப்பையோடு டெல்மர் சீட்டைக் கலைத்தான்.

"நாளைக்கு எங்க உக்காரப் போற, மாப்ளே?"

"வடக்கு மேடு," என்றான் வெர்லின், கேள்வி முடிவதற்குள்.

"நல்ல எடம். நான் பீவர் குட்டைப் பக்கம் போறேன்."

"போன வருஷம் அங்க ஒரு முயல்கூட வரலியே?"

"அமைதியா இருக்கும்ல. வயசாகுது. மானா முக்கியம்? அமைதிதான் முக்கியம்."

டெல்மர் குளிர்காலத்தில் பனி வாரும் லாரி ஓட்டுகிறவன். அமைதி என்ற சொல் அவன் வாயிலிருந்து அதுவரை வந்ததே இல்லை. ஆனால் வெர்லினுக்கு உச்சி குளிர்ந்துபோனதில் அது காதில் விழவில்லை.

"ஆப்பிள் மரத்துப் பக்கம் யாரும் போகலியே?" என்றான் டெல்மர், சீட்டைப் பார்த்துக்கொண்டே.

"அங்க என்ன இருக்கு? முள்ளும் கல்லும்."

"அதானே. முள்ளும் கல்லும்."

மார்லா போனில் கூப்பிட்டாள். ஆண்கள் காட்டுக்குப் போகும் அந்த வாரக் கடைசியில் ஊரில் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து கடைகளுக்குப் போவார்கள். தானும் நாளைக்கு விடிவதற்குள் கிளம்புவதாகச் சொன்னாள்.

"என்ன வாங்கப் போற?"

"பார்த்தா தெரிஞ்சுடும்," என்றாள்.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே வெர்லின் எழுந்தபோது டெல்மரின் படுக்கை காலியாக இருந்தது. பீவர் குட்டைக்கு இவ்வளவு அவசரமா, பாவம், என்று நினைத்துக்கொண்டான். பனித்தரையில் நின்று வாசனையில்லாத சோப்பில் உடம்பைத் தேய்த்தான். பெட்டியைத் திறந்து உடுத்தினான். பூட்ஸ் அடியில் வாசனை போக்கும் மருந்து தெளித்தான். வடக்கு மேட்டை நோக்கி டார்ச்சை ஆட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தான், யாராவது பார்த்தால் பார்க்கட்டும் என்று. பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு ஒரு பெரிய வட்டம் அடித்து ஆப்பிள் மரத்துக்கு வந்து, ஆகஸ்டிலேயே மேப்பிள் மரத்தில் கட்டிவைத்த பரணில் ஏறி உட்கார்ந்தான்.

இருட்டு. மூச்சு புகையாக வந்தது. அந்தப் புகைக்கும் வாசனை இருக்குமோ என்று மூக்குவழி மெல்ல விட்டான்.

எதிர்ப்புறத்திலிருந்து சத்தம் கேட்டது. க்ரக்... க்ரக்... மரப்பட்டையை எதுவோ உரசியது. வெர்லினுக்கு ரோமம் குத்திட்டு நின்றது. பேராயர் மரத்தில் கொம்பு தேய்க்கிறது! க்ரக்... க்ரக்... கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் மேலே ஏறியது. எவ்வளவு உயரமான மான்!

அது நின்றதும், வலதுபுறம் இடிந்த வீட்டின் கல் அடித்தளத்தின் பக்கம் ஒரு சன்னமான 'ஸ்ஸ்ர்ர்'. தொடர்ந்து ஒரு சின்னக் கனைப்பு. பிணை மான்! பேராயர் ஜோடியோடு வந்திருக்கிறது. வெர்லின் அசையாமல் உட்கார்ந்திருந்தான். காதுக்குள் ரத்தம் முரசு கொட்டியது. விடியட்டும். விடிந்தால் போதும்.

விடிந்தது. முதலில் சாம்பல் நிறம். அப்புறம் மரங்களின் விளிம்பு. ஆப்பிள் மரத்துக்கு அந்தப் பக்கம், ஒரு ஹெம்லாக் மரத்தின் மேல், பளீரென்று ஒரு ஆரஞ்சு.

இலை, என்று நினைத்தான். நவம்பர் கடைசியில் ஒரு இலை மட்டும் உதிராமல் நிற்கிறது, பாரேன்.

இலை பைனாகுலரை எடுத்து அவனைப் பார்த்தது.

வெர்லினும் தன்னுடையதை எடுத்தான். வட்டத்துக்குள் டெல்மரின் முகம் முழுசாக வந்தது. வாய் பிளந்திருந்தது. மரத்தைப் பிடித்துப் பிடித்து ஏறும் நகரும் பரணில் உட்கார்ந்திருந்தான். க்ரக், க்ரக். வெர்லின் அரை மணி நேரம் மெய்சிலிர்த்துக் கேட்டது தன் மச்சான் மரமேறிய சத்தத்தை.

தூக்கிவாரிப் போட்டது. கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கோபப்படுவதற்கு முதலில் தான் வடக்கு மேட்டில் இருக்க வேண்டும். டெல்மருக்கும் அதே சிக்கல். இரண்டு பேரும் பைனாகுலர் வழியாக ஒருவரையொருவர் வெறித்தார்கள்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. குடும்பக் குழுவில் டெல்மர்: 'வடக்கு மேடு எப்படி இருக்கு மாப்ளே?'

வெர்லின் உறைந்த விரலால் அடித்தான்: 'பீவர் குட்டை மாதிரியே இருக்கு.'

உடனே மூன்றாவதாக ஒன்று விழுந்தது. மார்லா: 'ரெண்டு பேரும் போனை உள்ள வைங்க. எனக்குப் பின்னால சருகு நொறுங்குது. வருது.'

வெர்லின் அதை இரண்டு தடவை படித்தான். வருது என்றால் எங்கே வருது? கடைக்கா? மெதுவாகத் தலையைத் திருப்பினான். கல் அடித்தளத்தின் மூலையில் ஒரு பெரிய இளஞ்சிவப்பு உருண்டை தெரிந்தது. யாரோ பிறந்த நாளுக்கு வாங்கிப் பறக்கவிட்ட பலூன். காற்றில் வந்து இங்கே சிக்கியிருக்கிறது. அவன் மூளை அந்த பலூனை எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு பலூன் தெர்மாஸிலிருந்து ஒரு வாய் உறிஞ்சியது. ஸ்ஸ்ர்ர்.

வேட்டைக்காரர்கள் கட்டாயம் போட வேண்டிய ஆரஞ்சுக்குப் பதிலாகக் கண்ணைக் குத்தும் இளஞ்சிவப்பும் போடலாம் என்று சில வருடங்களுக்கு முன் சட்டம் வந்திருந்தது. அதை ஒருத்தர் உடம்பில் வெர்லின் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அது தன் மனைவியின் உடம்பாக இருந்தது. மடியில் ரைபிள். உட்கார்ந்திருந்தது அவர்கள் வீட்டு மடக்கு நாற்காலி.

அதிர்ச்சியடையக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. அடித்தளத்தை ஒட்டி, மார்லாவை ஒரு முழத்தில் கடப்பது போல, பேராயர் நடந்து வந்தது.

படங்களில் இருந்ததைவிடப் பெரிசு. கழுத்து பீப்பாய் மாதிரி. ஆப்பிள் மரத்தடிக்கு வந்து, உறைந்து கிடந்த ஒரு பழத்தைக் கவ்வி, கறுக்கென்று கடித்தது.

வெர்லினின் ரைபிள் தானாக உயர்ந்தது, தானாக இறங்கியது. மானுக்கு நேர்ப் பின்னால் டெல்மர். டெல்மருக்கு நேரே வெர்லின். மார்லாவுக்கு ஒரு பக்கம் புருஷன், மறு பக்கம் அண்ணன். சுடும் திசையில் மனிதன் இருந்தால் விரல் விசைப்பக்கமே போகாது. அந்த ஊரில் குழந்தைகளுக்கு அதைச் சொல்லித்தான் துப்பாக்கியைக் காட்டுவார்கள். மூன்று துப்பாக்கிக்கு நட்ட நடுவில், மூன்று பேரும் சேர்ந்து காவல் நிற்பது போல, பேராயர் காலைச் சாப்பாடு சாப்பிட்டது.

அடுத்த அடி வெர்லினின் மத நம்பிக்கையிலேயே விழுந்தது. காற்று மார்லா பக்கமிருந்து நேராக மானை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. அதில் பெப்பர்மின்ட் காபி இருந்தது. கைக்குத் தடவும் ரோஜா க்ரீம் இருந்தது. மரத்தின் மேலே உட்கார்ந்திருந்த அவனுக்கே வந்தது. பேராயர் மூக்கைத் தூக்கியது. காற்றை இழுத்தது. யோசித்தது. இன்னொரு ஆப்பிளைக் கவ்வியது.

மூன்று வருடம். வெங்காயமில்லாத மூன்று வருடம்.

செய்வதற்கு ஒன்றுமில்லை. எனவே வெர்லின் பார்த்தான். இடது காதில் பழைய கிழிசல் ஒன்று இருந்தது. எந்தப் படத்திலும் அது விழுந்ததில்லை. தாடை மயிரில் பனி மணிமணியாகக் கட்டியிருந்தது. மெல்லும்போது கண்ணைப் பாதி மூடிக்கொண்டது. ஆப்பிள் சாறு ஒழுகித் தரையில் சொட்டிய இடத்தில் மெல்லிய ஆவி எழுந்தது. ஒரு நீலக்குருவி வந்து கொம்பின் மேல் உட்காரலாமா என்று பார்த்துவிட்டு வேண்டாம் என்று போயிற்று. ஜூலையிலிருந்து முதல் தடவையாக வெர்லின் காற்றைப் பற்றி நினைக்கவில்லை. இப்படியே மத்தியானம் வரை இருந்தால்கூட நன்றாகத்தான் இருக்கும் என்று பட்டது. அப்படிப் பட்டதே அவனுக்குத் திகிலாக இருந்தது.

அப்போது பேராயர் திரும்பி, வெர்லினின் மேப்பிள் மரத்தைத் தாண்டி, அவனுக்கு இடதுபுறமாக நடந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஒரு மனிதனும் இல்லை, ஒரு நிறமும் இல்லை. வெறும் மண்ணும் பனியும். முப்பது அடி தூரம்.

இதுதான். துப்பாக்கி தோளுக்கு வந்தது. குறிக்கண்ணாடியின் குறுக்குக் கோடு மானின் தோள்பட்டைக்குப் பின்னால் நின்றது. அதற்குப் பிறகு நடந்தது வெர்லினுக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. சுட்டான். அடுத்த தோட்டாவை ஏற்றும் போல்ட்டை இழுத்துத் தள்ளினான். மறுபடி சுட்டான். மறுபடி இழுத்தான். சுட்டான், இழுத்தான், சுட்டான், இழுத்தான். பேராயர் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கி அவனைப் பார்த்ததே ஒழிய விழவில்லை. பிறகு, இங்கே ஏதோ சரியில்லை என்பது போல, கிழக்கே இருந்த மண்மேட்டுப் பக்கம் ஓட்டமெடுத்தது. வெர்லின் கடைசியாகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தடவை சுட்டான், இழுத்தான்.

டமார்!

பேராயர் முன்னங்கால் மடிந்து, மேட்டின் அடியில் சரிந்தது. அசையவில்லை.

"போட்டுட்டேன்!" வெர்லின் பரணே ஆட அலறினான். "மச்சான், போட்டுட்டேன்! அஞ்சாவதுல போட்டுட்டேன்!"

எதிர் மரத்தில் டெல்மர் தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான்; முதுகு குலுங்கியது. அழுகிறான், பாவம், பேராயர் அவனுக்குக் கிடைக்கவில்லையே என்று வெர்லினுக்கு இரக்கம் வந்தது.

கீழே இறங்கியதும் டெல்மர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, மேப்பிள் மரத்தடியில் குனிந்து சருகை விலக்கினான். எழுந்து உள்ளங்கையை விரித்தான்.

"மாப்ளே, இதெல்லாம் உன்னுதா?"

ஐந்து தோட்டா. ஐந்தும் முழுசாக, முனையில் குண்டோடு, மின்னிக்கொண்டு.

வெர்லின் அவற்றைப் பார்த்தான். டெல்மரைப் பார்த்தான். மறுபடி அவற்றைப் பார்த்தான்.

"நீ விசையத் தொடவே இல்லடா. போல்ட்டை இழுத்து இழுத்து ஒவ்வொண்ணா கீழ போட்டுக்கிட்டு இருந்த. அதுவும் ஒவ்வொண்ணா நிமிந்து பாத்துச்சு. தீனி போடுறேன்னு நெனச்சிருக்கும்."

"சத்தம் கேட்டுதே?"

"கேட்டுது. ஒண்ணே ஒண்ணு." டெல்மர் கட்டைவிரலால் பின்னால் காட்டினான்.

மார்லா ரைபிளின் போல்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது, நடை மட்டும் நேராக இருந்தது. வெர்லினுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"நீ எப்படி இங்க?"

"கேமராவ எந்தக் கணக்குல வாங்கின? நம்ம குடும்பக் கணக்குல. உனக்கு 'டிங்'குன்னா எனக்கும் 'டிங்'குதான். மூணு வருஷமா. பல் டாக்டர் நாற்காலியில வாயத் தெறந்துக்கிட்டு இருக்கும்போதுகூட உன் பேராயரப் பாத்திருக்கேன்."

"அப்ப மச்சான், உனக்கு?"

"அந்த ஹெம்லாக்ல என் கேமரா இருக்கு," என்றான் டெல்மர். "நான் இதுக்கு கெவின்னு பேர் வச்சிருந்தேன். கெவினும் படத்துல விழும், நீயும் விழுவ. நீ நாலு கால்ல நின்னுக்கிட்டு தரைய மோந்து பாக்குற படம் அருமையா வந்திருக்கு. கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைக்கு வச்சிருக்கேன்."

வெர்லின் அதைக் காதில் வாங்கவில்லை. "சுடுறதுக்கு எப்படி...?" என்றான் மார்லாவிடம்.

"செவ்வாய், வியாழன். மொதல்ல வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு. கூடப் படிச்சதெல்லாம் பன்னண்டு வயசு. மொத நாள் என்னை டீச்சர்னு நெனச்சு எல்லாரும் எழுந்து நின்னுச்சுங்க. அப்புறம் சுடுற மைதானம். உன்கிட்ட சொன்னேன் வெர்லின். மூணு தடவ சொன்னேன். நீ 'சரி சரி, வந்ததும் பூட்ஸ வெளியிலயே கழட்டு'ன்ன."

அவன் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான்.

"மூணு மாசமா துப்பாக்கி மருந்து நாத்தத்தோட வீட்டுக்கு வந்திருக்கேன். முடியெல்லாம் அந்த நாத்தம். சமையலறையில உன் தோள உரசிக்கிட்டு நின்னிருக்கேன். வேணும்னே நின்னேன். உனக்குத் தெரியல."

டெல்மரின் உள்ளங்கையில் ஐந்து தோட்டாவைப் பார்த்தபோது வராத அதிர்ச்சி அப்போதுதான் வந்தது. சீஸ் கட்டிக்குள் ஆறு அங்குல ஆழத்தில் புளிப்பு தட்டியிருந்தால் சொல்லிவிடுகிற மூக்கு. அவன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான். டெல்மர், ஏதோ அவசர வேலை இருப்பது போல, தன் பரணைக் கழற்றப் போனான்.

"சுடணும்னுதான் வந்தியா?" என்று கேட்டான் வெர்லின் கடைசியில்.

"ஆமா. நீ சுட்டிருந்தா அடுத்த ஜூலைல வேற ஒண்ணத் தேடுவ. சுடலன்னா இதையே தேடுவ. நான் சுட்டுட்டா?" மார்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "என்ன பண்றதுன்னு தெரியாம ஒரு நிமிஷம் சும்மா நிப்பல்ல. அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேணும்னு வந்தேன். திட்டறதுன்னா திட்டு."

வெர்லின் திட்டு வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தான். ஆப்பிள் மரத்தடியில் மூன்று வருடம் கட்டி வைத்திருந்த எதுவோ அவிழ்ந்து போயிருந்தது. துக்கமா என்று பார்த்தால் துக்கம் போலவும் இல்லை. வரக்கூடாத ஒன்று, கொட்டாவி, வந்தது. நீளமாக, கண்ணில் நீர் வர ஒரு கொட்டாவி.

"ஒரே குண்டா?" என்றான்.

"ஒரே குண்டு. மண்மேடு பின்னால வரட்டும்னு காத்திருந்தேன்."

"ஓடுற மான."

"நின்னு திரும்பிப் பாத்துச்சு. உன்னத்தான் பாத்துச்சு." அவள் கிடந்த மானின் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது. "இப்ப என்ன செய்யணும், வெர்லின்? வகுப்புல படமாத்தான் காட்டினாங்க. அந்தப் பாடத்தப்ப நான் ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

வெர்லின் எழுந்தான். கத்தியை எடுத்தான். வாசனையில்லாத சட்டையின் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுப் பேராயரின் பக்கத்தில் மண்டியிட்டான். முதலில் கிழிந்த காதைக் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "பின்னங்கால அப்படிப் பிடி. இல்ல, முட்டிக்குக் கீழ. கத்தி முனை மேல பாத்து இருக்கணும், குடல்ல பட்டுடக்கூடாது. பட்டா நாறிடும்," என்றான். மார்லா பிடித்தாள். ஆவி குப்பென்று எழுந்து இருவர் முகத்திலும் அடித்தது. அவள் குமட்டி, சிரித்து, மறுபடி பிடித்தாள். இது ஈரல், வறுக்கலாம். இது இதயம், பார் எங்கே பட்டிருக்கிறது என்று. ஐயோ, எவ்வளவு சுத்தமான அடி! அவன் பேசிக்கொண்டே போனான். எவ்வளவு நேரமாகப் பேசுகிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. மார்லாவுக்குத் தெரிந்தது.

கொம்பில் கயிறு கட்டி இழுக்கும் நேரம் வந்ததும் டெல்மர் தன் பரணோடு ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் வரல. ஒரு மான் சுட எனக்குக் குடுத்த அனுமதிச் சீட்டு இன்னும் காலியா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் சத்தமா சண்ட போட்டுக்கிட்டே சதுப்பு ஓரமா இழுத்துட்டுப் போங்க. அங்க படுத்திருக்கிறதெல்லாம் எழுந்து என் பக்கம் ஓடி வரட்டும்."

இழுத்தார்கள். பனி மெல்லிசாகத்தான் இருந்தது. பேராயர் கனமாக இருந்தது. பத்தடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார்கள். சண்டை போட விஷயம் தேடி, கிடைக்காமல், வெர்லின் வகுப்பைப் பற்றிக் கேட்டான். ஆசிரியர் யார், துப்பாக்கி யாருடையது, முதல் தடவை தோளில் எவ்வளவு அடித்தது. எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டான்.

"பரீட்சை உண்டா?"

"உண்டு. பாஸ். ஒரே ஒரு கேள்விதான் தப்பு."

"எது?"

மார்லா கயிற்றைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"படபடப்புல சிலபேர் சுடாமலே எல்லாத் தோட்டாவையும் வெளிய தள்ளிடுவாங்க, சரியா தப்பான்னு கேட்டிருந்தாங்க. அப்படி ஒரு ஆள் உலகத்துல இருக்கவே முடியாதுன்னு நான் 'தப்பு' போட்டுட்டேன்."